தூக்கில் தொங்குபவர்களின் பாட்டு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, பழைய பிரெஞ்சுக் கவிதைகளைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறோம். பிரான்சுவா வியோனின் இந்தப் பாட்டை எடுக்கும்போதெல்லாம் புதிதாக வருபவர்களுக்கு அதே சந்தேகங்கள்தான். டீ ஆறிப்போகும்வரை நானும் அதே பதில்களைச் சொல்கிறேன். எழுதி வைத்தால் தொண்டையாவது மிச்சமாகும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இது யார் எழுதினது, எப்போ? சுருக்கமா சொல்லுங்க.

வியோன் 1431-இல் பாரிஸில் பிறந்தவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 1452-இல் முதுகலைப் பட்டம் வாங்கியவர். திருடர். ஒரு பாதிரியாரைக் குத்திக் கொன்றவர். பிரெஞ்சு மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவர். எல்லாம் ஒரே ஆள். இந்தப் பாட்டு 1462-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மொத்தம் 35 வரி. 'தூக்கில் தொங்குபவர்களின் பாட்டு' என்பது பிற்பாடு நிலைத்த பெயர். பழைய பதிப்புகளில் அது 'வியோனின் கல்லறை வாசகம்' என்ற பொருளில் இருக்கிறது.

பெயரை 'வில்லோன்' என்று எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம். இரட்டை 'ல'வை யகரம்போலச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒருவர் 'வில்லன்' என்றே எழுதிக்கொண்டு வந்தார். ஆளைப் பொறுத்தவரை அதையும் பெரிய தப்பு என்று சொல்ல முடியவில்லை.

எனக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தைகூட தெரியாது. மொத்தத்துல என்னதான் சொல்றாங்க?

தூக்குமரத்தில் தொங்கும் பிணங்கள், கீழே நின்று வேடிக்கை பார்ப்பவர்களிடம் பேசுகின்றன. முதல் கண்ணி ஏறத்தாழ இப்படிப் போகும்: "எங்களுக்குப் பின்னும் உயிரோடு இருக்கும் மனிதச் சகோதரர்களே, எங்கள்மேல் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ளாதீர்கள். பாவப்பட்ட எங்கள்மேல் இரங்கினால், கடவுளும் உங்கள்மேல் சீக்கிரம் இரங்குவார். இதோ பார்க்கிறீர்களே, அஞ்சாறு பேர் தொங்குகிறோம். அளவுக்கு மீறித் தீனி போட்டு வளர்த்த சதை எப்போதோ அழுகிப்போயிற்று. எலும்பாகிய நாங்கள் சாம்பலும் தூசியுமாகிறோம். எங்கள் கதியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். எல்லோரையும் மன்னிக்கும்படி கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள்."

இரண்டாம் கண்ணியில், "சகோதரர்களே என்று கூப்பிட்டதற்குக் கோபிக்காதீர்கள். நீதி எங்களைக் கொன்றதுதான். ஆனால் எல்லா மனிதருக்கும் நிதான புத்தி வாய்ப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும்" என்கிறார்கள். தங்களுக்காக மரியாளின் மகனிடம் பரிந்து பேசச் சொல்கிறார்கள். மூன்றாவதில் மழை, வெயில், காக்கை, காற்று ஆகியவை அந்த உடம்புகளை என்ன செய்தன என்ற வர்ணனை. கடைசி ஐந்து வரியில் இயேசுவை நோக்கி, நரகம் எங்களை ஆளாமல் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு மன்றாட்டு. 'கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள்' என்ற வரி நான்கு இடத்திலும் முடிவாக வருகிறது.

'அஞ்சாறு' என்பது நான் சேர்த்த நயம் இல்லை. மூலத்திலேயே 'ஐந்து, ஆறு' என்று அடுத்தடுத்துத்தான் இருக்கிறது. எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. கடையில் 'அஞ்சாறு எலுமிச்சை போடுங்க' என்கிறோமே, அந்தத் தொனிதான்.

பாலட்னா நம்ம கதைப்பாடல் மாதிரிதானே? இதுல கதையே இல்லையே?

தமிழில் இரண்டு வேறு சொற்களும் 'பாலட்' என்றே விழுந்துவிடுவதால் வரும் குழப்பம் இது. ஆங்கிலத்துப் பாலட் கதை சொல்லும் பாட்டு. நம் காத்தவராயன் கதை, நல்லதங்காள் கதை எல்லாம் அதற்குப் பக்கத்தில் வரும். பிரெஞ்சுக்காரர்களின் 'பலாத்' ஒரு யாப்பு வடிவம். மூன்று கண்ணி, ஒரே இறுதியடி, அப்புறம் ஒரு சின்ன முடிப்பு. ஆடலோடு சேர்ந்த பாட்டாகத் தொடங்கியது. 14ஆம் நூற்றாண்டில் மஷோ என்ற பிரெஞ்சுக் கவிஞர் இதற்கு இசையமைத்திருக்கிறார். வியோன் காலத்துக்குள் அது வாசிக்கும் கவிதையாகிவிட்டது.

திரும்ப வரும் ஈற்றடிக்கு நம்மிடம் 'மகுடம்' என்ற பெயரே இருக்கிறது. முடிப்புக்கு ஒப்புமை வேண்டுமென்றால் தேவாரப் பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பை நினைத்துக்கொள்ளலாம். வேறு சில பாடல்களில் வியோன் அந்த முடிப்பின் வரி முதலெழுத்துகளில் தன் பெயரையும் ஒளித்து வைப்பார். இந்தப் பாட்டில் அது இல்லை. பேசுவது அவர் ஒருவர் மட்டும் இல்லையே.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காத்தவராயன் கதையில், ஆள் எப்படிக் கழுமரம்வரை வந்தான் என்பதுதான் கதையே. இங்கே அதைப் பற்றி மூச்சு இல்லை. யார் திருடினான், யார் கொன்றான், எவன் ஒன்றும் செய்யாமல் மாட்டிக்கொண்டான், எதுவும் தெரியாது. தெரிந்தால் ஆளுக்கு ஆள் அளந்து இரங்க ஆரம்பித்துவிடுவோம்.

செத்தவங்க பேசுறாங்கன்னா இது பேய்ப் பாட்டா?

இல்லை. கல்லறைக் கல்லில் செத்தவரே பேசுவதுபோல, 'வழிப்போக்கனே, எனக்காக வேண்டிக்கொள்' என்று பொறிப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். இவர்களுக்குக் கல்லறை கிடையாது. அதனால் கல் பேச வேண்டியதை எலும்பே பேசுகிறது.

மறுநாள் தூக்குன்னு தெரிஞ்சு, ராத்திரி சிறையில உட்கார்ந்து எழுதினதாமே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ளதை வரிசையாகச் சொல்கிறேன். 1455 ஜூன் 5 அன்று ஒரு சண்டையில் பிலிப் செர்முவாஸ் என்ற பாதிரியாரை வியோன் குத்தினார். பாதிரியார் இறந்தார். சாகும் முன் அவரே வியோனை மன்னித்துவிட்டார் என்று 1456 ஜனவரியில் கிடைத்த அரச மன்னிப்பு ஆவணம் சொல்கிறது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நவார் கல்லூரியில் 500 பொற்காசு களவு போனது. கூட்டாளிகளில் இவரும் ஒருவர். 1461 கோடையில் மெங் ஊரில் ஆயரின் சிறையில் கிடந்தார். புதிய அரசர் 11ஆம் லூயி அந்த வழியாகப் போனபோது விடுதலை ஆனார்.

1462 கடைசியில் மறுபடி ஒரு தெருச் சண்டை. அதில் கத்தி எடுத்தவர் வியோன் இல்லை, கூட இருந்தவர். ஆனாலும் பழைய கணக்கையெல்லாம் சேர்த்து, தூக்கு என்று தீர்ப்பானது. அவர் மேல்முறையீடு செய்தார். இந்த வாரங்களில்தான் பாட்டை எழுதியிருப்பார் என்று பலர் நினைப்பது இயல்பு. மெங் சிறையில் எழுதியது என்பவர்களும் உண்டு. எங்கே எழுதினாலும் சரி, 'நான்' என்ற சொல் பாட்டில் ஒரு இடத்திலும் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசியில தூக்குல போட்டாங்களா?

இல்லை. 1463 ஜனவரி 5 அன்று பாரிஸ் பார்லமெந்த் என்ற உயர் நீதிமன்றம் தூக்கை ரத்து செய்து, பத்து வருடம் நகரத்துக்குள் வரக்கூடாது என்று விரட்டியது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

பிணத்தை ஏன் இறக்கிப் புதைக்கல?

தண்டனையில் அதுவும் சேர்த்தி. பாரிஸுக்கு வெளியே மோன்ஃபொகோன் என்ற மேட்டில் அரசரின் தூக்குமேடை இருந்தது. பதினாறு கல்தூண், அவற்றுக்கிடையே அடுக்கடுக்காகக் குறுக்கு விட்டம். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று, உடம்புகள் தாமாக உதிரும்வரை அங்கேயே தொங்கும். புனிதமாக்கிய மண்ணில் இடம் கிடையாது.

மூன்றாம் கண்ணி அந்தக் காட்சிதான். அதன் முதல் வரியில் ஒரு சொல் இருக்கிறது. அகராதியில் 'கழுவுதல்' என்று பார்த்துவிட்டுப் போனால் தவறிவிடும். அது சலவைக்காரர்களின் சொல், துணியைக் காரநீரில் ஊறவைத்து வெளுப்பது. நமக்கு வெள்ளாவி இருக்கவே இருக்கிறது. 'மழை எங்களை வெள்ளாவி வைத்து அலசியது, வெயில் காயவைத்துக் கருக்கியது' என்றால் சரியாக வந்துவிடுகிறது. வெளுக்கப் போட்ட துணி கறுத்துப்போய் வருகிறது. அப்புறம் காக்கைகள் கண்ணைத் தோண்டுகின்றன, தாடியையும் புருவத்தையும் பிய்க்கின்றன.

அதே கண்ணியில 'தையல் குப்பி'ன்னு ஒண்ணு வருதே, புரியலை.

எனக்கும் ரொம்ப நாள் அது ஒரு உவமை, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் எங்கள் தெருத் தையல்காரரிடம் பித்தளைக் குப்பி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஊசியைத் தள்ளும்போது குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்வது. ஊசியின் பின்முனை வழுக்காமல் இருப்பதற்காக அதன் மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குழி, வரிசை வரிசையாக. கட்டைவிரலால் தடவினால் அம்மைத் தழும்புபோல இருக்கிறது.

'தையல் குப்பியைவிட அதிகமாகக் கொத்து வாங்கியவர்கள்' என்று பிணங்கள் தங்களைச் சொல்லிக்கொள்கின்றன. மலையையோ கடலையோ உவமைக்குக் கூப்பிடவில்லை. எந்த வீட்டிலும் ஊசி நூல் பெட்டிக்குள் கிடக்கும் சாமான். கேட்பவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் இந்த வரி உள்ளே இருக்கும்.

மன்னிப்பு கேட்கிற ஆளுங்க 'தப்பு பண்ணிட்டோம்'னு ஒரு வரிகூட சொல்லலையே? வருத்தம் எங்க இருக்கு?

இருக்கிறது, ஆனால் மார்பில் அடித்துக்கொள்ளும் வருத்தம் இல்லை. மூன்று இடங்களைக் காட்டலாம். 'அளவுக்கு மீறி வளர்த்த சதை' என்பதில் அந்த 'அளவுக்கு மீறி' ஒன்று. 'நிதான புத்தி வாய்ப்பதில்லை' என்பது இரண்டு. 'எங்கள் சபையில் சேர்ந்துவிடாதீர்கள்' என்று மூன்றாம் கண்ணியின் முடிவில் வருவது மூன்று. சபை என்று நான் எழுதியது அந்தக் காலத்துப் பக்த சபைகளை. செத்த உறுப்பினரை அடக்கம் செய்வதும் அவருக்காக வேண்டுவதும் அவற்றின் வேலை. அடக்கமே இல்லாதவர்கள் தங்களை ஒரு சபை என்று சொல்லிக்கொள்வதில் கசப்பான ஒரு சிரிப்பு இருக்கிறது.

இரண்டாவதில் ஒரு நுட்பம். 'நிதான' என்று நான் எழுதும் சொல்லுக்கு மூலத்தில் 'அமர்ந்த, படிந்த' என்ற பொருள். அடுத்த கண்ணியில் 'ஒரு நொடியும் நாங்கள் அமர்ந்திருப்பதில்லை, காற்று இங்கும் அங்கும் ஆட்டுகிறது' என்று அதே வேர்ச்சொல் திரும்புகிறது. உயிரோடு இருந்தபோது புத்தி அமரவில்லை, செத்த பிறகு உடம்பு அமரவில்லை. இதைவிட நீளமான வாக்குமூலம் தேவையா என்ன?

புலம்பும் வருத்தம் வேண்டுமென்றால் அவருடைய 'உயில்' என்ற நெடுங்கவிதையில் இருக்கிறது. அங்கே தன் பெயரில், தன் குரலில், 'பைத்தியக்கார வாலிபத்தில் ஒழுங்காகப் படித்திருந்தால் இன்று எனக்கு வீடும் மெத்தையும் இருந்திருக்கும்' என்று நெஞ்சு வெடிக்கச் சொல்கிறார். வீடும் மெத்தையும் போனதற்கான வருத்தம் அது. தொங்குபவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் தீர்ந்துவிட்டது.

'எங்கமேல இரங்கினா கடவுள் உங்கமேல இரங்குவார்'னா, இது பேரம் இல்லையா?

பேரம் மாதிரிதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேரம் பேசுபவரின் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இவர்களிடம் புருவம்கூட மிச்சமில்லை. இதன் பின்னால் கத்தோலிக்க நம்பிக்கை ஒன்று இருக்கிறது. இறந்தவர்களின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும், உயிரோடு இருப்பவர்களின் ஜெபம் அதைக் குறைக்கும். நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. செத்தவர் தனக்காகத் தானே எதுவும் செய்துகொள்ள முடியாது. கீழே நிற்பவரிடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

கொலைகாரனுக்கு எதுக்குங்க இரக்கம்? செத்தவனோட குடும்பத்தை யாராவது கேட்டாங்களா?

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்கிறார், கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பாட்டு பதில் சொல்வதில்லை. ஆனால் அது கேட்காதவற்றைக் கவனியுங்கள். 'எங்களை அநியாயமாகத் தொங்கவிட்டார்கள்' என்று சொல்லவில்லை. தீர்ப்பை மாற்றச் சொல்லவில்லை. இறக்கிப் புதைக்கக்கூடக் கேட்கவில்லை. 'நீதி எங்களைக் கொன்றது' என்று நீதி என்ற சொல்லையே வைத்துச் சொல்கிறார்கள். அதில் ஒரு குத்தல் இருக்கிறது என்பது என் எண்ணம், எல்லோரும் ஏற்பதில்லை.

கேட்பது இரண்டே இரண்டு: சிரிக்காதே, வேண்டிக்கொள். முதல் கண்ணியிலும் முடிப்பிலும் சிரிப்பைத் தடுக்கும் வரி இருக்கிறது. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மற்றபடி, செர்முவாஸ் பாதிரியாரைப் பற்றி மேலே எழுதியதை ஒரு முறை திரும்பப் பாருங்கள். கொன்றவனை மன்னிக்கும் உரிமை உள்ள ஒரே ஆள் மன்னித்துவிட்டுச் செத்தார். அதைத் தெரிந்துகொண்டே ஏழு வருடம் நடமாடியவர் எழுதிய பாட்டு இது.

நான் சாமி கும்பிடாதவன். எனக்கு இதுல என்ன இருக்கு?

கடவுளை எடுத்துவிட்டு வாசிக்க முடியாது, அந்தப் பெயர் மகுடத்திலேயே இருக்கிறது. ஆனால் 35 வரியில் பெரும்பகுதி கீழே நிற்கும் ஆளிடம்தான் பேசுகிறது. எங்கள் குழுவில் பாதிப் பேர் உங்கள் கட்சிதான், மூன்றாம் கண்ணியில் அவர்கள்தான் முதலில் அமைதியாகிறார்கள்.

'மனிதச் சகோதரர்களே'ன்னு போட்டிருக்கீங்களே, ரொம்ப பிரசங்கமா இல்ல?

பிரசங்க வாடை அடிக்கிறதுதான். 'உடன்பிறப்புகளே' என்று போட்டுப் பார்த்தோம், கலைஞர் கடிதம் ஞாபகம் வந்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள். 'அண்ணன் தம்பிமாரே' என்றால் பஞ்சாயத்து. வேறு கிடைக்காமல் சகோதரரிடமே திரும்பி வந்தேன். முடிப்பில் அந்தச் சகோதரரும் போய், வெறும் 'மனிதர்களே' என்று மட்டும் கூப்பிடுகிறார்கள். உரிமை கொண்டாடத் தெம்பு தீர்ந்ததா, இனி அது தேவையில்லை என்றாகிவிட்டதா, இரண்டுமாதிரியும் வாசிக்கலாம்.

மகுடத்துல வர்ற சொல்லு மன்னிப்பா, கருணையா, இரக்கமா? ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றீங்க.

இரக்கம் மனிதரிடம் கேட்பது. கடவுளிடம் கேட்பது வேறு சொல். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் பாவத்திலிருந்து விடுவிக்கிறாரே, அந்தச் சொல். நீதிமன்றம் விடுவிப்பதற்கும் அதே சொல் பொருந்தும். தூக்கு மரத்துக்குக் கீழே அந்த இரட்டைப் பொருள் சும்மா வரவில்லை.

பாட்டு முழுவதும் நான்கே நான்கு இயைபில் ஓடுகிறது. அதில் ஒரு இயைபு தூசி, இடி, தையல், கடன் அடைத்தல், விடுவித்தல் என்ற ஐந்து சொற்களையும் கட்டுகிறது. முடிப்பில் 'நரகத்தோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் வேண்டாம்' என்று வருமே, அங்கே உள்ள 'கடன் அடைத்தல்' என்ற சொல்லும் மகுடத்துச் சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. நம் 'தீர்' அப்படியே பொருந்துகிறது. கடனும் தீரும், பாவமும் தீரும். தீர்ப்பும் அதே வேர்தான். இந்த ஒரு இடத்தில் தமிழ் பிரெஞ்சைவிட ஒரு அடி முன்னால் நிற்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

மகுடத்தை நீங்க ஒரு தடவை 'எங்களை'ன்னு வாசிக்கிறீங்க, ஒரு தடவை 'நம்மை'ன்னு. எது சரி?

இதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல். கேட்பவரைச் சேர்த்தா, விட்டுவிட்டா என்று அந்த மொழி சொல்ல வேண்டியதில்லை. தமிழில் தப்பிக்க வழியே இல்லை. 'எங்கள் எல்லோரையும் மன்னிக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்' என்றால் தொங்குபவர்கள் மட்டும். 'நம் எல்லோரையும்' என்றால் கீழே நிற்பவனும் உள்ளே வந்துவிடுகிறான்.

இலக்கணம் பார்த்தால் 'எங்களை'தான் நேரானது. கண்ணைக் காக்கை தோண்டியது அவர்களுக்கு, நமக்கு இல்லை. ஆனால் அஞ்சாறு பேருக்கு 'எல்லோரையும்' என்ற சொல் கொஞ்சம் பெரிது. நான்காவது வரியில் கடவுளின் இரக்கம் கீழே நிற்பவனுக்கும் தேவை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எங்கள் குழுவில் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருக்கிறார். "எங்களைன்னா அது மனு, நம்மைன்னா அது ஜெபம். எது வேணும்னு முடிவு பண்ணிக்குங்க தம்பி" என்றார். முடிவு பண்ண முடியாமல்தான் மூன்று கண்ணிகளில் 'எங்களை' என்றும் முடிப்பில் மட்டும் 'நம்மை' என்றும் வாசிக்கிறேன்.

மகுடம்னா மாறக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

ஆமாம், திரும்ப வரும் ஈற்றடி என்று நானேதான் மேலே எழுதியிருக்கிறேன். மூலத்தில் ஒரு எழுத்தும் மாறாமல் வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அகலமாகிற வரி அது. நான் செய்வது, அந்த வரி தானாகச் செய்வதைக் கையைப் பிடித்துக் காட்டுவது. குழுவில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அக்கா ஒருவருக்கு இது பிடிக்கவே இல்லை. "வாசிக்கிறவங்களுக்கு ஒண்ணும் விட்டு வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை கரும்பலகையில் முடிப்பை இப்படி எழுதிப் போட்டிருந்தேன்:

எல்லார்க்கும் மேலான இளவரசே, இயேசுவே,
நரகம் எம்மை ஆளவிடாதீர்;
அதனோடு எமக்குக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம்.
மனிதர்களே, இங்கே கேலிக்கு ஒன்றுமில்லை;
நம் எல்லோர் பாவமும் தீரக் கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள்.

டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது 'நம்' என்பதை யாரோ விரலால் அழித்து 'எம்' என்று மாற்றியிருந்தார்கள். கையெழுத்து யாருடையது என்று தெரியும். அப்படியே விட்டுவிட்டேன்.